செல்டன்ஹாம் புல்வெளியில் இறங்கும் ஹெலிகாப்டர்கள்: காசு எங்கே, கஷ்டம் எங்கே

மார்ச் நடுவில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பக்கம் மாலை 6.10 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். செல்டன்ஹாம் குதிரைப் பந்தய விழாவின் கடைசி ஓட்டமோ 5.20, 5.30க்குத்தான் புறப்படும். அதைப் பார்த்து முடித்து, ஜெயித்திருந்தால் புக்கியிடம் காசை வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஹெலிகாப்டர் நிற்கும் புல்வெளிக்கு வந்து சேர எப்படியும் 5.50 ஆகிவிடும். பிரிட்டன் விதிப்படி சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் இரவு தொடங்குகிறது, அதாவது 6.40. லண்டன் பேட்டர்ஸி ஹெலிபோர்ட்டுக்குப் பறக்க ஏறத்தாழ 35 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6.05க்குள் தரையை விட்டுக் கிளம்பாத ஹெலிகாப்டர் வெளிச்சத்தோடு லண்டன் போய்ச் சேராது. அந்தக் கால் மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் புல்வெளியில் நிற்கும் எல்லாருமே நினைப்பார்கள்.

பெரிய குதிரை நிகழ்ச்சிகளுக்கு ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் தொழிலைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் பணக்காரர், ஷாம்பெயின், தொப்பி என்றுதான் போகும். எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் பெரிதாகப் படுகிறது. இந்தத் தொழிலின் லாபமும் ஆபத்தும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பறக்கும் நேரத்தை விற்கிறோம் என்று நினைத்து இதில் இறங்குகிறவர் கணக்கில் தப்பு செய்கிறார். விலை போவது ஒரு ஈரப் புல்வெளியில் சில நிமிட இடம்.

ஏன் செல்டன்ஹாம்

செல்டன்ஹாம் விழா தடை தாண்டும் குதிரை ஓட்டங்களுக்கான விழா. நான்கு நாள், 28 ஓட்டங்கள். 2005 வரை மூன்று நாளாக இருந்ததை அந்த ஆண்டு நான்காக்கினார்கள். வெள்ளிக்கிழமை நடக்கும் கோல்ட் கப்தான் உச்சம். தடை ஓட்டமாக அது 1924இல் தொடங்கியது. அன்று ஒரே நாளில் திடலில் 60,000 பேருக்கு மேல் கூடுவார்கள். ஊரோ சிறியது. லண்டனிலிருந்து சாலை வழியே 160 கிலோமீட்டர் போல வரும். சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம். விழா நாளில் திடலை நெருங்கும் கடைசிச் சில கிலோமீட்டர் எவ்வளவு நேரம் தின்னும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார்கள். லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் வந்தால் இரண்டு மணி நேரம், பிறகு ஸ்டேஷனிலிருந்து பஸ். நேர்கோட்டில் அளந்தால் பேட்டர்ஸியிலிருந்து திடலுக்கு 140 கிலோமீட்டர்தான். ஹெலிகாப்டருக்கு வியாபாரம் பிறக்கும் இடம் இந்த வித்தியாசம்.

வருகிறவர்களின் சுபாவமும் இதற்கு ஒத்துப்போகிறது. குதிரை உரிமையாளர்கள், வாடிக்கையாளர்களை விருந்துக்கு அழைத்துவரும் நிறுவனங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு குதிரை வாங்கியவர்கள், இவர்களுக்கெல்லாம் நேரம் காசு. அப்புறம் அயர்லாந்துக்காரர்கள். இந்த விழா அவர்களுக்குப் பாதிச் சொந்தத் திருவிழா. டப்ளினிலிருந்து நேராக ஹெலிகாப்டரில் வருவதென்றால் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். நடுவில் ஐரிஷ் கடல், அதைத் தாண்டினால் வேல்ஸ் மலைகள். கடல் மேல் பறக்க இரட்டை எஞ்சினோ மிதவைகளோ, உயிர்காப்பு உடுப்புகளோடு வேண்டும். அதனால் பலர் பர்மிங்ஹாமுக்கோ பிரிஸ்டலுக்கோ விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பர்மிங்ஹாமிலிருந்து திடலுக்கு ஹெலிகாப்டரில் இருபது நிமிடம் போதும். தொழிலில் புதிதாக இறங்குகிறவர் கவனிக்க வேண்டியது இந்தச் சின்ன தூரங்களைத்தான் என்பது என் எண்ணம். லண்டன் பயணம் பேருக்கு நன்றாக இருக்கும்; பணம் நிற்பது பர்மிங்ஹாம் போன்ற குட்டைப் பயணங்களில்.

நடைக் கணக்கு

லாரிக்காரர்கள் சொல்வது போல 'நடை' என்ற சொல்லையே இங்கேயும் வைத்துக்கொள்வோம். அகஸ்டா 109 போன்ற இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் ஒன்று, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு காலை 9.30க்குப் பேட்டர்ஸியை விட்டுக் கிளம்புகிறது என்று வையுங்கள். 10.05க்குத் திடல். இறக்கிவிட்டு 10.15க்குக் காலியாகத் திரும்பினால் 10.50க்கு லண்டன். 11 மணிக்கு இரண்டாவது நடை. 12.30க்கு மூன்றாவது, 1.05க்கு அவர்களை இறக்கினால் 1.20க்குத் தொடங்கும் முதல் ஓட்டத்தைத் தட்டித் தடுமாறிப் பிடித்துவிடலாம். காலையில் மூன்று நடை, 18 பேர்.

மாலையில் அதே 18 பேரையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? கடைசி ஓட்டம் முடிந்தபின் வெளிச்சத்தில் ஒரு நடைக்குத்தான் நேரம். இன்னொரு நடை வேண்டுமென்றால் கோல்ட் கப் முடிந்த கையோடு ஒரு குழுவைக் கிளப்ப வேண்டும். 2025இல் கோல்ட் கப் மாலை 4 மணிக்கு, 4.30க்குக் கிளம்பினால் 5.05க்கு லண்டன், 5.50க்குள் மறுபடி திடல். ஆக எவ்வளவு முக்கினாலும் இரண்டு நடை. ஆறு பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களிடம் காலையிலேயே டிக்கெட்டை விற்றாயிற்று.

தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மாலையைக் கணக்கிட்டுத்தான் காலையை விற்பார்கள். மிஞ்சும் இருக்கையை ஒருவழிப் பயணமாக, 'திரும்ப ரயில்' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பார்கள். அல்லது கோல்ட் கப் முடிந்ததும் கிளம்பச் சம்மதிப்பவருக்கு விலையைக் குறைப்பார்கள். புதியவர்கள் காலை நடைகளை வைத்து லாபம் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த இடத்தில்தான் மனிதர்கள் தப்பான முடிவு எடுக்கிறார்கள்.

காலியாக ஓடும் நேரத்துக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் வழக்கமாகத் தங்கும் இடம் டென்ஹாமோ ஆக்ஸ்போர்டோ என்றால், அங்கிருந்து பயணியை ஏற்ற லண்டன் வரும் நேரம், இரவு மறுபடி கூட்டுக்குத் திரும்பும் நேரம் எல்லாம் வாடகைச் சீட்டில் ஏறும். அதற்கு மேல் பேட்டர்ஸியில் இறங்கு கட்டணம், திடலில் இறங்கு கட்டணம், நாள் முழுக்க நிறுத்திவைத்தால் அதற்குத் தனி. பத்து இருக்கைக்குக் குறைந்த வாகனத்தில் பயணம் என்பதால் 20 சதவீத வரியும் சேரும். திடலில் நிறுத்த இடம் கிடைக்காதவர்கள் பயணிகளை இறக்கிவிட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டேவர்ட்டன் விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து, எண்ணெய் நிரப்பி, மாலையில் மறுபடி வருவார்கள். வெறும் மூன்று நிமிடப் பறப்பு, ஆனால் அதற்கும் திடலில் இன்னொரு தடவை இறங்கும் அனுமதி வேண்டும்.

சிறிய ராபின்சன் 44 வேறு கணக்கு. மூன்று பயணிகள், ஒற்றை பிஸ்டன் எஞ்சின், வாடகை குறைவு, சறுக்குக் கட்டைகளில் நிற்பதால் ஈரப் புல்லில் கவலையில்லை. சக்கரம் வைத்த பெரிய ஹெலிகாப்டர் மார்ச் மாத மழையில் ஊறிய புல்லில் பதிந்துவிடும். அதற்குப் பலகையோ தட்டோ விரித்த இடம் வேண்டும். ஆனால் ஒற்றை எஞ்சினில் வாடகைப் பயணிகளை இருட்டில் ஏற்ற விதி இடம் தருவதில்லை. 6.40 என்ற கோடு ராபின்சனுக்கு இரும்புக் கோடு. இரட்டை எஞ்சினும், கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதியுள்ள விமானியும் இருந்தால் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. அந்த நெகிழ்வுக்குத்தான் கூடுதல் வாடகை. பயணிகள் அதைத் தோல் இருக்கைக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

க்ளீவ் மேடும் மேகமும்

செல்டன்ஹாம் திடலில் நின்று பார்த்தால் பின்னால் எழுந்து நிற்பது க்ளீவ் ஹில். 330 மீட்டர். காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிலேயே உயரமான இடம் அதுதான். படம் எடுப்பவர்களுக்கு அழகு. கிழக்கே லண்டனிலிருந்து வரும் விமானிக்கு அது வேறு மாதிரி. ஆக்ஸ்போர்டைத் தாண்டியதிலிருந்து தரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வரும். ஏறுவது கண்ணுக்கே தெரியாது. திடலுக்கு முன்னால் உச்சிக்கு வந்து, சட்டென்று செங்குத்தாகப் பள்ளத்தில் விழும். மார்ச்சில் மேகம் திடலின் தரையிலிருந்து 200 மீட்டர் உயரத்தில் கவிந்திருந்தால், திடலில் நிற்பவர்களுக்கு 'பரவாயில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். மேட்டின் உச்சி மேகத்துக்குள் இருக்கும். கீழே தரை ஏறுகிறது, மேலே மேகம் இறங்குகிறது, நடுவில் ஹெலிகாப்டருக்கு இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. தெற்கே ஒதுங்கலாம் என்றால் அங்கே பிரைஸ் நார்ட்டன் ராணுவ விமானதளத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி. கேட்காமல் நுழைய முடியாது. வடக்கே ஈவ்ஷம் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி வருவது பல நாள்களில் நல்ல வழி. அதற்குக் கூடுதல் எண்ணெய் வேண்டும், கூடுதல் நிமிடம் வேண்டும். அந்த நிமிடங்கள் காலையில் போட்ட நடைக் கணக்கில் கிடையாது.

மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்த ஹெலிகாப்டருக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2020 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே கலபாசஸ் குன்றுகளில் கோபி பிரயன்ட்டும் அவருடைய மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் ஒரு விளையாட்டு நிகழ்ச்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் நல்ல ஹெலிகாப்டர், விமானி அனுபவசாலி. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் வந்தவர் மேகத்துக்குள் போய்த் திசை உணர்வை இழந்தார் என்றது விசாரணை. பெரிய வாடிக்கையாளரைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று விமானி தனக்குத் தானே போட்டுக்கொண்ட நெருக்கடியும் காரணங்களில் ஒன்றாக அறிக்கையில் இருக்கிறது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயரே போதுமான வற்புறுத்தல்.

செல்டன்ஹாமில் இந்த நெருக்கடி நான்கு நாளும் எல்லா விமானியின் தோளிலும் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளரின் குதிரை 2.40க்கு ஓடுகிறது. அந்தக் குதிரைக்காக ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார். 'மேகம் கொஞ்சம் விலகட்டும், ஒரு மணி நேரம் பொறுங்கள்' என்று அவரிடம் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதைச் சொல்லும் விமானிக்குப் பின்னால் அவருடைய முதலாளி நிற்க வேண்டும். மேகத்தைச் சொல்லி நடையை ரத்து செய்த விமானியிடம் அடுத்த நாள் நஷ்டக் கணக்கை நீட்டும் நிறுவனத்தில் எந்தப் பாதுகாப்புக் கையேடும் வேலை செய்யாது.

காற்றும் தன் பங்குக்கு விளையாடும். 2008இல் விழாவின் இரண்டாம் நாள், புதன்கிழமை, புயல்காற்றால் ஓட்டங்கள் அத்தனையும் கைவிடப்பட்டு அடுத்த இரண்டு நாள்களுக்கு மாற்றப்பட்டன. அன்றைக்கென்று ஹெலிகாப்டர் பிடித்தவர்களின் பணம் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 2001இல் கோமாரி நோயால் விழாவே நடக்கவில்லை. 2021இல் கூட்டமே இல்லாமல் நடந்தது. இன்னொன்று, சத்தமில்லாமல் நடப்பது: 2022இல் நான்கு நாளும் சேர்த்து 2,80,000ஐத் தாண்டிய கூட்டம் 2025இல் 2,19,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஹெலிகாப்டரில் வருகிறவர்கள் மொத்தக் கூட்டத்தில் ஒரு துளிதான். இருந்தாலும் நிறுவன விருந்துகள் குறைந்தால் அந்தத் துளியும் குறையும். நான்கு நாள் வருமானத்தை நம்பி ஹெலிகாப்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன்.

புல்வெளிக்குள்

பிரிட்டனில் 1,000 பேருக்கு மேல் திறந்தவெளியில் கூடும் நிகழ்ச்சிக்கு 1,000 மீட்டருக்குள் நினைத்தபடி இறங்க முடியாது. நிகழ்ச்சி நடத்துபவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், விமானப் போக்குவரத்து ஆணையம் அறிவித்த நடைமுறையில் வர வேண்டும். 'பக்கத்து விவசாயி என் நண்பர், அவர் வயலில் இறங்கிக்கொள்கிறேன்' என்ற கதை இங்கே செல்லாது. ஆயிரம் மீட்டருக்கு வெளியே உள்ள வயல் என்றால், ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள்வரை திட்ட அனுமதியின்றித் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்ற விதி உதவும். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்து ஹோட்டல்கள் தங்கள் புல்வெளியை இப்படித்தான் திறந்துவிடுகின்றன. அங்கே இறங்கி, கடைசித் தூரத்தைக் காரில் கடப்பது பல சமயம் புத்திசாலித்தனம்.

திடலின் தற்காலிக இறங்குதளத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்திறங்குவதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். விமானி முன்கூட்டியே பதிவு செய்த நேரத்தில், சொல்லப்பட்ட திசையிலிருந்து, ரேடியோவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார். பளபளக்கும் மேலுடுப்பு போட்ட தரைப் பணியாளர் ஒருவர் கை காட்டுகிறார். பல சமயம் எஞ்சினை நிறுத்துவதில்லை. மேலே சுழலும் இறக்கையான ரோட்டர் சுழலச் சுழலவே கதவு திறக்கிறது. பயணி இறங்கியதும் பின்பக்கம் போகக் கூடாது, வால் ரோட்டர் சுழல்வது கண்ணுக்கே தெரியாது. விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் விலக வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் ஏறவே கூடாது; அந்தப் பக்கம் ரோட்டர் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி குறைந்துவிடும். தொப்பியைக் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பறக்கும் தொப்பியைப் பிடிக்க இரண்டு எட்டு ஓடுவது இயல்பான பழக்கம். அந்த இரண்டு எட்டைத் தடுக்கத்தான் பணியாளர் பயணியின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

ரோட்டர் கீழே தள்ளும் காற்றைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். 2022 மார்ச்சில் பிளிமத் நகர மருத்துவமனை ஒன்றில் இறங்கிய பெரிய மீட்பு ஹெலிகாப்டரின் காற்றில், கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்த 87 வயது மூதாட்டி தூக்கியெறியப்பட்டு இறந்தார். வாடகை ஹெலிகாப்டர்கள் அவ்வளவு கனமானவை அல்ல. ஆனால் திடலைச் சுற்றிக் கூடாரங்கள், பந்தல் துணிகள், வேலித் தட்டிகள். அதற்கெல்லாம் மேலே, குதிரைகள்.

குதிரை வேட்டையாடப்படும் இனத்தில் வந்தது. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்க்கும். நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலியையும் கேட்கும். பயந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். 2003இல் லிங்கன்ஷயரில் தாழப் பறந்த ராணுவச் சினூக் ஹெலிகாப்டரால் மிரண்ட குதிரையிலிருந்து விழுந்து ஒரு பெண் இறந்தார். அதன்பிறகு ராணுவமும் குதிரைச் சங்கமும் சேர்ந்து, சவாரி செய்பவர்கள் பளிச்சிடும் உடை போட வேண்டும் என்று பிரசாரமே நடத்தின. பந்தயக் குதிரைகள் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் ஓரளவு பழகியவைதான். ஆனாலும் ஓட்டத்துக்கு முன் சேணம் பூட்டி வட்டமாக நடத்தும் நேரம் அவற்றின் நரம்பு முறுக்கேறியிருக்கும் நேரம். அப்போது தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் குறுக்கே போகக் கூடாது. லாயத்தின் மேலும் போகக் கூடாது. வந்துபோகும் பாதையைக் கூட்டத்தையும் குதிரைகளையும் ஒதுக்கி வளைத்துப் போடுவதற்குக் காரணம் இதுதான். அந்த வளைவால் கூடும் நிமிடங்களைப் பற்றி முணுமுணுக்கும் வாடகைக்காரர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நிகழ்ச்சியே குதிரைக்காகத்தானே.

பாட்மின்டன் என்ற ஊரில் இது இன்னும் கறார். அங்கே 1949 முதல் நடக்கும் மூன்று பிரிவுக் குதிரையேற்றப் போட்டியில் வியாழனும் வெள்ளியும் டிரெஸ்ஸாஜ். குதிரையும் வீரரும் மைதானத்தில் தனியாக, நடனம் போல, ஒவ்வொரு அடியும் மதிப்பெண். அந்த நிசப்தத்தில் ஒரு ரோட்டர் சத்தம் நான்கு வருட உழைப்பைக் கெடுத்துவிடும். சனிக்கிழமை திறந்தவெளித் தடையோட்டத்தன்று வேறு ஒரு ஹெலிகாப்டருக்கு இடம் வைத்திருக்க வேண்டும்: விமான ஆம்புலன்ஸ். குதிரையோடு சேர்ந்து விழும் வீரருக்கு நிமிடங்கள்தான் உயிர். அது வருகிறது என்றால் வாடகை ஹெலிகாப்டர்கள் அத்தனையும் அங்கங்கே நிற்க வேண்டும், எத்தனை பேருக்கு விமானம் தவறினாலும் சரி.

பந்தயத் திடல்களில் சில ஆண்டுகளாக ஒரு புது ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டிவியில் ஓட்டம் ஒன்றிரண்டு வினாடி தாமதமாகத்தான் வரும். ஓட்டம் நடக்கும்போதே இணையத்தில் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அந்த வினாடிகள் தங்கம். அதனால் வேலிக்கு வெளியே நின்று ட்ரோன் ஏற்றி நேரடிப் படம் அனுப்புகிறார்கள். ட்ரோன் பறக்கும் உயரத்துக்குள்தான் இறங்கவரும் ஹெலிகாப்டரும் வந்தாக வேண்டும்.

ராயல் அஸ்காட் வேறு கதை

ஜூன் மாதம் நடக்கும் அஸ்காட் குதிரைப் பந்தய விழாவில் வெளிச்சக் கவலையே இல்லை. இரவு ஒன்பதைத் தாண்டியும் பகல்தான். அங்கே சிக்கல் வான்வெளி. ஹீத்ரோ 17 கிலோமீட்டர் தூரம். 2021 கிறிஸ்துமஸ் அன்று வின்ட்சர் அரண்மனைக் கோட்டை வளாகத்தில் ஒருவர் குறுக்குவில்லோடு பிடிபட்ட பிறகு, 2022 ஜனவரி முதல் கோட்டையைச் சுற்றிப் பறக்கத் தடை வட்டம் போட்டிருக்கிறார்கள். கோட்டைக்கும் திடலுக்கும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. லண்டன் நடுவே ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர் தேம்ஸ் நதியின் மேலேயே வளைந்து வளைந்துதான் வர வேண்டும். 1959இல் திறந்த பேட்டர்ஸிக்கோ ஆண்டுக்கு 12,000 ஏற்ற இறக்கம்தான் அனுமதி. பேட்டர்ஸியிலிருந்து அஸ்காட் 35 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு நிமிடப் பறப்பு. ஏறி இறங்கும் நேரம் அதைவிட அதிகம். அவ்வளவு குட்டைத் தூரத்துக்கு ஹெலிகாப்டர் என்பது நேரத்தை மிச்சம் பிடிக்க என்று நான் நம்பவில்லை. நின்று நகரும் சாலையில் உட்காராமல் இருக்கத்தான்.

யாருடைய ஹெலிகாப்டர்

கடைசியாக, கசப்பான விஷயம். காசு வாங்கிப் பயணி ஏற்ற வேண்டுமென்றால் நிறுவனத்திடம் விமான இயக்குநர் சான்றிதழ் வேண்டும். விமானிக்கு வணிக உரிமம் வேண்டும். பராமரிப்பு, காப்பீடு, விமானியின் வேலை நேர வரம்பு எல்லாம் அந்தச் சான்றிதழோடு கட்டப்பட்டவை. செல்டன்ஹாமுக்கு அதிகாலையில் கிளம்பி, நாள் முழுக்கக் குளிரில் காத்திருந்து, மாலை நெருக்கடியில் பறக்கும் விமானிக்கு அந்த வரம்புதான் காவல். பெரிய நிகழ்ச்சி நாள்களில் கேட்பவர் அதிகம், ஹெலிகாப்டர் குறைவு. அந்த இடைவெளியில் சான்றிதழ் இல்லாத ஆள் நுழைகிறார். சொந்த ஹெலிகாப்டர், சொந்த உரிமம், 'எண்ணெய்க் காசு மட்டும் கொடுங்கள்'. தனியார் விமானி தன் பங்கைத் தானும் போட்டு நண்பர்களோடு செலவைப் பகிர்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் திருட்டு வாடகையும் வருகிறது. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த விமானத்தை ஓட்டியவரிடம் வணிக உரிமம் கிடையாது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறை. அது ஹெலிகாப்டர் அல்ல, ஆனால் சூத்திரம் ஒன்றுதான்: அவசரம், பிரபலம், மலிவு விலை, தெரிந்தவர் மூலமாக.

தரகர் வழியாகப் பதிவு செய்கிறவர்கள் பறக்கப்போகும் நிறுவனத்தின் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் காசு கட்டும் முன் கேட்டு வாங்க வேண்டும். தயங்குகிற தரகரை விட்டுவிடலாம். வானிலையால் நின்றால் காசு எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். என் பார்வையில் நல்ல நிறுவனத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான கேள்வி ஒன்று இருக்கிறது: 'மாலையில் பறக்க முடியாமல் போனால் எங்களை எப்படி லண்டன் அனுப்புவீர்கள்?'

தொழிலை உண்மையாகச் செய்கிறவர் அதற்கு உடனே பதில் வைத்திருப்பார். வானிலை அறிக்கை சந்தேகமாக இருந்தால் காலையிலேயே ஒரு காரும் டிரைவரும் சொல்லி வைத்திருப்பார். அந்தச் செலவைத் தன் கணக்கிலேயே போட்டிருப்பார். 5.50க்கு மேட்டின் மேல் மேகம் இறங்கியிருந்தால், விமானி பயணிகளிடம் போய், இன்றைக்கு இல்லை என்பார். அவர்கள் முகம் சுளித்துக்கொண்டே காரில் ஏறுவார்கள். லண்டன் சேர இரவு ஒன்பதாகும். ஹெலிகாப்டர் அதே புல்லில், ரோட்டரைக் கட்டி, உறை போட்டு, விடியும்வரை மழையில் நிற்கும்.